கைமீட்டர்

பிடிக்கவில்லையென்றால் சனிக்கிழமைக்குள்
திருப்பி அனுப்பிவிடலாம்.
இன்று வெள்ளி.

சர்க்கரை இருநூற்றுப் பத்து என்று
லேப் சீட்டு சொன்ன மறுநாள்
மச்சான் தணிகைவேல் வாங்கிக் கொடுத்தது.
கறுப்பு வார். கட்டைவிரல் நகமளவு முகம்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
சைதாப்பேட்டை மலையடியில்
முந்நூற்றுச் சொச்சம் வீடுகள்.
செருப்பு அலமாரியை நகர்த்தி,
மாடிப்படிக்கு அடியில் குனிந்து,
ஒட்டடைக்குள் மின்னும் எண்ணைக்
குறித்துக்கொண்டு வருவது பிழைப்பு.
இருபத்தொரு வருஷமாக
வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு:
"சார், உங்க மீட்டர் ஓட்டமா ஓடுது."
மீட்டர் பொய் சொல்லாதும்மா, என்பேன்.

இப்போது என் மணிக்கட்டில் ஒன்று ஓடுகிறது.

திங்கட்கிழமை
பதினாலாயிரத்து அறுநூறு அடி.
எனக்கே என்மேல் ஒரு மரியாதை.
எழிலரசியிடம் நீட்டினேன்.
"இவ்வளவு நடந்துமா இந்தத் தொப்பை?"

செவ்வாய், பாகாயம் ரோட்டில்
ஸ்கூட்டரில்தான் போனேன்.
சாக்கடைக்குத் தோண்டி மூடாத பள்ளங்களுக்கெல்லாம்
ஆயிரத்து இருநூறு அடி எழுதிக்கொண்டது.
உட்கார்ந்தபடியே நடந்திருக்கிறேன்.
மீட்டர் பொய் சொல்லாது.

புதன், கொசப்பேட்டையில் ஒரு செவலை நாய்.
சந்து முனைவரை விடவில்லை.
நெஞ்சு நூற்றைம்பத்தொன்றில் அடிக்க
திரையில் மத்தாப்பு வெடித்து
'அருமையான பயிற்சி' என்றது.
நாய்க்கு யார் சொல்வது?

ராத்திரி இரண்டு நாற்பதுக்குத்
தினமும் விழித்துக்கொள்கிறேனாம்.
இது சொல்லித்தான் தெரியும்.
தெரிந்த பிறகு
இரண்டு முப்பதுக்கே விழிப்பு வந்துவிடுகிறது,
இரண்டு நாற்பதை எதிர்பார்த்து.

இதையெல்லாம் சொல்கிறவன்
வியாழக்கிழமையையும் சொல்லவேண்டும்.

பன்னிரண்டரை மணி. நாற்பத்திரண்டு டிகிரி வெயில்.
தகரக் கூரைக்குக் கீழே
அசையாமல் நின்று எண் குறிக்கிறேன்.
கை அதிர்ந்தது. நூற்று முப்பத்தெட்டு.
எனக்கு ஒன்றும் செய்யவில்லை,
அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
பேனா மட்டும் தானாகவே கீழே விழுந்தது.
குல்ஷன் பேகம் நாற்காலி போட்டார்,
உப்புப் போட்ட மோர் கொடுத்தார்.
இருபத்தொரு வருஷத்தில்
கணக்கெடுக்கப் போன வீட்டில்
நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"கையில என்ன சார் அது?"
மீட்டர்தாம்மா.
"அப்படியா!
உங்களுக்கு எவ்வளவு பில் போடுது?"

சிரித்தேன்.
படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு
எழிலரசியோடு கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன்.
நல்ல காற்று. தண்ணீரில்
மதில் தலைகீழாக அசைந்தது.
பாதிச் சுற்றில் ஞாபகம் வந்தது,
இந்த நடை எதிலும் ஏறவில்லை.
எங்கள் பதிவேட்டில் இதற்கு
'கதவு பூட்டு' என்று பெயர்.
உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அப்படித்தான் எழுதுவோம்.
வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வரலாமா என்றேன்,
வெட்கமில்லாமல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வார் பதிந்து வெளுத்திருந்த இடத்தில்
பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தகராறு வந்தால்
எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு:
ஓடுகிற மீட்டர் பக்கத்திலேயே
இன்னொன்றை மாட்டி ஒப்பிட்டுப் பார்ப்போம்.
இப்போது அதைத்தான் செய்கிறேன்.
மணிக்கட்டில் இரண்டு விரல்,
கண் சுவர்க் கடிகாரத்தில்.
ஒரு நிமிஷம்.

என் விரலுக்கு எழுபத்து நான்கு.
அதற்கு எழுபத்தாறு.

ரெண்டு யூனிட் வித்தியாசம்.
இதற்கெல்லாம் மீட்டரைக் கழற்ற மாட்டோம்.

ஆனாலும் அட்டைப்பெட்டியைத்
தூக்கிப் போடவில்லை இன்னும்.
நாளை ராத்திரி பன்னிரண்டுவரை
நேரம் இருக்கிறது.